இராயப்பரின் தம்பி

எனக்குப் பெலவேந்திரன் என்று பெயர் வைத்தவர்கள், வைப்பதற்கு முன்னால் தொட்டிலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். நான் குறைமாதத்தில் பிறந்தவன். எலும்பும் தோலுமாக, வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேனாம். ஆனால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெயர் வைக்கப் பிள்ளையைப் பார்க்க வேண்டியதில்லை. தலைப்பேரன் என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர்தான். பெரியப்பா வீட்டில் வரிசையாகப் பெண்களே பிறந்ததால் தாத்தாவின் பெயர் ஆளில்லாமல் காத்துக் கிடந்தது. நான் வந்து விழுந்தேன், என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் அதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாத்தியாருக்கு பெஞ்சை நகர்த்த வேண்டுமென்றால், "எங்கடா நம்ம பெலவேந்திரன்? வந்து பெலத்தைக் காட்டு" என்பார். நான் போய் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூச்சுமுட்ட நிற்பேன். பெஞ்சு அசையாது. வகுப்பு சிரிக்கும், வாத்தியாரும் சிரிப்பார். பெஞ்சை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லாத நாட்களிலும் அவர் என்னைக் கூப்பிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அந்தப் பெயரின் பூர்வீகத்தை எனக்குச் சொன்னவர் அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்ன மாமா. சாமியார் படிப்புக்குப் போய், பாதியில் திரும்பி வந்தவர். ஏன் திரும்பினார் என்று யாரும் கேட்கக் கூடாது. அங்கே கற்றுக்கொண்ட நாலு கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு, வேறு வேலை கிடைக்கும்வரை ஊரில் பெரிய மனுஷராக நடமாடிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தபோது அவர்தான் வீட்டில் இருந்தார்.

"எதுக்குடா அழுவுற? ஒன் பேரு எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா அந்த வாத்திக்கு? கிரேக்க தேசத்துலேருந்து வந்தது. அங்கே அந்திரேயாஸ். அந்தப் பாஷையில ஆம்பளைன்னா ஒரு சொல்லு இருக்கு, அந்த வேர்லேருந்து கெளம்பினது. ஆண்மை, தைரியம், பெலம்னு அர்த்தம். வெள்ளைக்காரன் ஆண்ட்ரூன்னு ஆக்கிட்டான். நம்ம ஊருக்கு அந்தக் காலத்துல வந்த சாமிமாருக அப்படிச் செய்யல. அர்த்தத்தைப் பிடிச்சுத் தமிழாக்கிட்டாங்க. பெலம் இருக்குறவன், அதுக்கு வேந்தன், பெலவேந்திரன். எஸ்தேவான்னா கிரீடம், அதான் முடியப்பர் ஆனாரு. எல்லாம் இப்படி வந்ததுதான்."

பிறகு அந்தப் புனிதரின் குடும்ப விவரத்தையும் சொன்னார். யேசுநாதரின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர், மீன்பிடிக்கிறவர், இராயப்பருடைய கூடப்பிறந்த தம்பி. இராயப்பர் சொர்க்கத்தின் சாவியை வைத்திருப்பவர் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவருடைய தம்பி பெயர் என்றதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் போய் வாத்தியாரிடம் சொன்னேன். "கிரேக்கமோ மூக்கமோ, பெஞ்சைப் பிடி" என்றார்.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்காதது வேறு. இவ்வளவு தூரத்திலிருந்து வந்த அந்தப் பெயரைச் சொல்லி என் அம்மா என்னைக் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. வேதத்தில் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் அந்த ஒரு வழக்கத்தை மட்டும் எங்கள் வீட்டார் விட்டுவிடவில்லை. பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, பெற்றவளை அதைச் சொல்லாதே என்றார்கள். அம்மாவுக்கு நான் "ராசா", அல்லது "தம்பி". திட்ட வேண்டுமென்றாலும் "தம்பி, நீங்க செய்யிறது நல்லா இல்ல" என்பாள். தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவனை "டா" போடுவதும் அந்த வீட்டில் குற்றம். என் தம்பியையோ முழுப் பெயரையும் தெரு முழுக்கக் கேட்கும்படி கூவி, "இங்கிட்டு வாடா எருமை" என்பாள். அவன் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று அவனுக்கே தெரியாது.

இந்தப் பூட்டு சாமி முன்னாலும் திறக்கவில்லை. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பிரார்த்தனை ஒன்று உண்டு. அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். இராயப்பரே, சின்னப்பரே என்று கடகடவென்று வருவாள். அடுத்த பெயர் பெலவேந்திரர். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, "இராயப்பரோட தம்பியாரே" என்பாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த பெரியம்மாவும் சின்னம்மாவும் அதையே சொல்வார்கள். சின்ன மாமா சொல்லிக்கொடுத்த சுற்றுவழி அது. பிரசங்கம் வைக்கிற சாமியாரும் இதைக் கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டுப் போனாரே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரை வைப்பவர்கள் ஆண்கள், சொல்லக் கூடாதவர்கள் பெண்கள். அப்பா அம்மாவின் பெயரை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை களத்துமேட்டிலிருந்து கத்துவார், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போனோம். எங்கள் ஊர் அறந்தாங்கிக்குத் தெற்கே, மழையையும் கண்மாயையும் நம்பிக் கிடக்கிற ஊர். கோயில் கிழக்கே, கடலுக்கு முன்னால் ஒரு பெரிய பொட்டலில் இருந்தது. கட்டுமாவடியிலிருந்தும் மீமிசலிலிருந்தும் கருவாட்டுக் கூடைகள் வந்து இறங்கியிருந்தன. ராட்டினம், வளையல் கடை, சவ்வு மிட்டாய் என்று பொட்டலே நிறைந்துவிட்டது. தாத்தா கூட்டத்துக்குள் வரமாட்டார். பனைமரங்களுக்கு அடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மாடுகளோடு உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் நேர்த்திக்கடனுக்குச் சப்பரம் தூக்கப் போனார்கள். என் தம்பியும் பெரியம்மாவின் பெண்களும் சப்பரத்துக்குப் பின்னாலேயே ஓடிவிட்டார்கள். மருமகள்கள் மூவரும் என்னையும் கைக்குழந்தையாக இருந்த என் தங்கையையும் கூட்டிக்கொண்டு கடை பார்க்கக் கிளம்பினார்கள். எனக்கு அன்றைக்குப் புது நீலக் கால்சட்டை.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் நான் அவர்களைத் தவறவிட்டேன். தவறவிட்டேன் என்பது இப்போது சொல்வது. அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பதுதான் அன்றைக்கு என் கட்சி. கொஞ்ச நேரம் தேடினேன். கொஞ்ச நேரம் அழுதேன். அழுவதை ஒருவரும் கவனிக்காததால் நிறுத்திக்கொண்டேன். அப்போது தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய்களில் பாட்டு நின்று, ஒரு குரல் வந்தது.

"அன்பார்ந்த பொதுமக்கள் கவனத்திற்கு. இராயப்பர் என்பவருடைய தம்பி எங்கிருந்தாலும் உடனடியாக மைக் செட் அருகே வரவும். தாயார் கண்ணீரோடு காத்திருக்கிறார்."

எங்கள் ஊரில் இராயப்பன் என்று ஒருவன் உண்டு. அவன் தம்பி என் வகுப்பு, நான் பெஞ்சைத் தூக்கும்போது முதலில் சிரிக்கிறவன். அவன் தொலைந்துபோனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவனுக்காக அவன் அம்மா மைக்கில் சொல்ல வைத்திருக்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை என்றால் இப்படியல்லவா தேட வேண்டும்! என்னைத் தேட நாதியில்லை. இரண்டாவது பாட்டு முடிந்து, மறுபடியும் "இராயப்பருடைய தம்பி" என்றது குழாய். எனக்குத் தாங்கவில்லை. தேடாதவர்களைத் தேடிக்கொண்டு நான் ஏன் அலைய வேண்டும் என்று பனைமரங்களைக் குறிவைத்து நடந்தேன்.

தாத்தா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்னடா, தனியா வார? எங்க அவளுக?" என்றார்.

"தெரியாது. என்னைய யாரும் தேடல."

"பொம்பளைகளுக்கு வளையல் கடையைக் கண்டா பிள்ளை ஞாபகமா இருக்கும்? ஏறிப் படு."

வண்டியில் மாட்டுக்காக வைக்கோல் பரப்பியிருந்தது. ஏறிப் படுத்தேன். குழாய் மறுபடியும் இராயப்பரின் தம்பியைக் கூப்பிட்டது. "எந்த வீட்டுப் பயலோ, பாவம்" என்று தாத்தா சொன்னது காதில் விழுந்தது. நெஞ்சு நிறையக் கோபத்தோடு, வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

நான் தூங்கின நேரத்தில் நடந்ததைச் சின்னம்மா எனக்குச் சொன்னாள். சொன்னது எப்போது? தாத்தா போய், அப்பா போய், அம்மாவும் போன பிறகு. அவர்கள் இருக்கும்வரை அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

என்னைக் காணோம் என்றதும், வண்டிக்குப் போய்த் தாத்தாவிடம் சொல்லப் பயந்து, மூவரும் மைக் செட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். மைக் செட்காரர் அறந்தாங்கிப் பக்கத்து ஆள், இளவட்டம், எங்கள் வேதமும் இல்லை. கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, "பையன் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா சின்னம்மாவைப் பார்த்தாள். மூவருக்கும் மாமனார் ஒருவர்தானே.

"அந்தப் பேரை நாங்க சொல்லக் கூடாதுங்க."

"அப்பன் பேரச் சொல்லுங்க."

"அதையும் சொல்லக் கூடாதுங்க."

"பிறகு என்னத்தத்தான் சொல்லச் சொல்றீங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னார்களாம். அந்த ஊரிலிருந்து வண்டி வண்டியாக வந்திருக்கிறார்களே என்றாராம். நீலக் கால்சட்டை என்றார்களாம். திருவிழாவில் பாதிப் பிள்ளைகள் நீலக் கால்சட்டை. சொல்லக்கூடிய ஊர்க்காரர்கள் எல்லோரும் சப்பரத்தோடு பொட்டலின் மறுகோடிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் அம்மாவுக்குச் சாமியிடம் சொல்கிற வழியே ஞாபகம் வந்தது. "இராயப்பரோட தம்பிங்க" என்று சொல்லியிருக்கிறாள். சாமிக்குப் புரிந்தது மைக் செட்காரருக்குப் புரியவில்லை. இராயப்பர் யாரோ மூத்த பையன் என்று நினைத்து, அப்படியே குழாயில் விட்டுவிட்டார்.

இராயப்பன்களுக்கு அந்தத் திருவிழாவில் பஞ்சமா? தம்பிகள் வந்துகொண்டே இருந்தார்களாம். மீசை வைத்த ஒரு பெரிய ஆள் கடலை கொறித்துக்கொண்டு வந்து, "எங்கண்ணன் பேரு இராயப்பன்தான். ஆனா எங்க ஆத்தா போய்ச் சேர்ந்துட்டாளே, இங்கே யாரு அழுதுக்கிட்டு நிக்கிறது?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்ற ஒருத்தி, அந்த மீசைக்காரரின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள் என்று எண்ணினால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பொழுது சாயும் நேரத்தில் யாரோ ஓடிவந்து, ஊருணிக்குள் ஒரு பையன் விழுந்துவிட்டான், தண்ணீரில் நீலத்துணி மிதக்கிறது என்று சொன்னார்கள். அது யாரோ துவைக்கும்போது நழுவவிட்ட சேலைத்துண்டு என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாதே! அம்மா இடுப்பிலிருந்த என் தங்கையைச் சின்னம்மாவின் கையில் போட்டாள். மேடையில் ஏறி, அந்த ஆளின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஒன் பேரச் சொல்லி" என்றாள் சின்னம்மா, "'டேய், எங்கடா இருக்க? ஆத்தா கூப்பிடுறேன்டா, வாடா'ன்னு கத்துனா பாரு. முழுப் பேரையும் சொல்லித்தான். திரும்பத் திரும்ப. குழாயெல்லாம் கிழிஞ்சுபோகும் போல இருந்துச்சு. சப்பரத்தத் தூக்குனவுகளே நின்னுட்டாங்க."

சொல்லிக்கொண்டிருந்த சின்னம்மா, தாத்தா செத்து அத்தனை வருஷம் ஆகியும், அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லவில்லை. "ஒன் பேரு" என்றே முடித்துக்கொண்டாள். பொட்டலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள், கருவாட்டுக்காரர்கள் கேட்டார்கள், மாடுகள் கேட்டன. என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்காதவன் நான் ஒருவன்தான்.

தாத்தா கேட்டார். தன் மருமகள் தன் பெயரைச் சொல்லி, "டேய்" என்று, நாலு குழாயில் கூப்பிடுவதைக் கேட்டார். வைக்கோலில் நான் கிடப்பது அவருக்குத் தெரியும். யாரைத் தேடுகிறாள் என்பதும் அந்த நொடியில் புரியாமல் போயிருக்காது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைக் செட்டுக்கு நடந்தார். அங்கே போய் அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? பையன் இருக்கிறான் என்பதல்ல.

"என் பேரக் கொழாயில போட்டு ஏலம் விடவா ஒன்னைய இந்த வீட்டுக்குக் கூட்டியாந்தேன்?"

"மாமா, பிள்ளையக் காணோம். ஊருணியில..."

"பிள்ளை கெடக்கட்டும். நீ எறங்கு கீழ."

அம்மா இறங்கினாள். கூட்டம் வட்டம் கட்டி நின்றது. சப்பரத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த அப்பாவும் அந்த வட்டத்தில்தான் நின்றார். அவர் வாய்க்கு யாரும் பூட்டுப் போட்டிருக்கவில்லை. இருந்தும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா தாத்தாவின் காலில் விழுந்தாள். எழுந்திருக்கப் போனவளைத் தாத்தா, "கெட" என்றாராம். அத்தனை பேர் பார்க்க, பிள்ளை ஊருணிக்குள் கிடக்கிறானோ என்ற பயத்தோடு, அவள் அந்தப் பொட்டல் மண்ணில் நெற்றியை வைத்துக் கிடந்தாள். தன் பெயரின் மரியாதை போதுமான அளவு திரும்பி வந்துவிட்டது என்று தாத்தாவுக்குத் தோன்றிய பிறகுதான், "பய வண்டியில தூங்குறான்" என்றார்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன். ஒரே ஒரு வாக்கியம், நடந்து வரும்போதே கத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வலிமை, தைரியம், ஆண்மை என்று சின்ன மாமா கடல் கடந்து கொண்டுவந்த அர்த்தமெல்லாம் எனக்கு அன்றோடு கசந்துபோயிற்று. அந்தப் பெயரில் இருவர் அன்றைக்கு அந்தப் பொட்டலில் இருந்தோம். ஒருவர் வைக்கோலில் தூங்கினார். இன்னொருவர் செய்தது இது. தைரியம் என்று ஏதாவது அங்கே இருந்ததென்றால், அது அந்தப் பெயரைச் சொல்லக் கூடாதவளிடம்தான் இருந்தது.

ஆனால் நான் கண்விழித்தபோது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. தாத்தா முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். அப்பாவும் மற்றவர்களும் பின்னால் நடந்து வந்தார்கள். பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். என் தலை அம்மாவின் மடியில் இருந்தது. அது தெரிந்ததும் எனக்குக் கோபம் ஞாபகம் வந்து, விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அவள் நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"நெத்தியில என்ன மண்ணு?"

"விழுந்து கும்பிட்டேன், ராசா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தொலைஞ்சு கெடக்கேன், நீ சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தியா? இராயப்பன் தம்பியை அவன் ஆத்தா எத்தனை தடவ மைக்குல கூப்பிட்டுச்சு தெரியுமா? நீ என்னைய ஒரு தடவகூடக் கூப்பிடல!"

சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா ராசா, கூப்பிடல" என்றாள்.

என்னை இழுத்து அணைக்க வந்த அவள் கையைத் தட்டிவிட்டேன். வைக்கோல் மேல் தவழ்ந்து முன்னால் போய், தாத்தாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அவர் தலைக்கயிற்றை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்னைக் கைவிடாதவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.